பதிவேட்டில் இல்லாத பிள்ளை

இருநூற்றுப் பன்னிரண்டு. பதிவேட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. கண்ணாடி அலுமாரிக்குள் தொங்குவது இருநூற்றுப் பதின்மூன்று. இரண்டும் ஒன்றல்ல என்பது இந்தப் பலெர்மோ நகரத்தில் நீக்கிலாப்பிள்ளை ஒருவருக்குத்தான் தெரியும், அதுவும் இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மட்டும். மூன்றாம் மண்டபத்து வாசலோரம், தன் காவல் கதிரையில், இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு அவர் நிமிர்ந்து இருந்தார். பத்து மணி ஆறு நிமிடம். முதலாம் மண்டபத்திலிருந்து நூதனசாலையின் மூத்த காவலாளி தொத்தோவின் குரல் வந்துகொண்டிருந்தது. எழுபத்தொன்று, பூசைப் பாத்திரம், மூடியோடு. எழுபத்திரண்டு, பூசைப் பாத்திரம், மூடி இல்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் கணினியில் ஒரு தட்டல். தட்டுவது அலெஸ்ஸியா, ஆயர் இல்லத்திலிருந்து வந்திருக்கிற பெண். முப்பது வருடத்துக்கு முன் ஒரு பாதிரியார் கையால் எழுதிவைத்த பதிவேட்டை இப்போது ஒவ்வொரு பொருளாகப் பார்த்துக் கணினியில் ஏற்றுகிறார்கள். முதலாம் மண்டபத்தில் பாத்திரங்கள், இரண்டாம் மண்டபத்தில் பூசை உடுப்புகள், மூன்றாம் மண்டபத்தில் நேர்த்தி வெள்ளிகள், கண், கால், இருதயம் என்று சனம் நேர்த்திக்குச் செய்து கொடுத்த வெள்ளி உருவங்கள். இந்த வேகத்தில் வந்தால் பதினொன்றேகாலுக்கு இங்கே நிற்பார்கள். அலுமாரியின் திறப்பு அவருடைய வலப்பக்கக் காற்சட்டைப் பைக்குள் இருந்தது. கண்ணாடியை உட்புறம் துடைத்துவைக்கும்படி காலையில் தொத்தோ தந்தது. துடைத்தார். மேல் வரிசை, இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை. மூன்றாம் வரிசையில் இடமிருந்து ஏழாவது கொக்கிக்குக் கை போனது, விரல் நுனி வெள்ளியில் பட்டது, குளிர்ந்தது, திரும்பி வந்துவிட்டது. ஆளும் இல்லை, அரவமும் இல்லை, இரண்டு செக்கன் வேலை. எடுத்துப் பைக்குள் போட்டிருந்தால் இந்நேரம் எண் சரியாகியிருக்கும். எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று அவர் தன்னைத்தானே கேட்டார். பதில் வருவதற்கு முன் தொத்தோ எழுபத்தாறு என்றார், நீக்கிலாப்பிள்ளைக்குக் கேள்வி விட்டுப்போய், எழுபத்தைந்து எப்போது சொன்னார் என்ற யோசனை வந்துவிட்டது.

எண்ணுவது அவருக்கு ஒரு குணம். யாழ்ப்பாணத்துக் குருநகரில் ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவர், படித்தது என்று சொல்ல அதுதான், ஆனால் வலையில் கண் எத்தனை, பட்ட மீன் எத்தனை என்று எண்ணிய வாய் சும்மா இருக்காது. இந்த அரண்மனைக்குத் துப்புரவு வேலைக்கு வந்த முதல் கிழமையே செந்நிறச் சலவைக்கல் படிகளை எண்ணிவிட்டார், இடப்பக்கம் முப்பத்தெட்டு, வலப்பக்கம் முப்பத்தெட்டு, இரண்டும் மேலே ஒன்றாகச் சேருகிற இடத்தில் ஒன்று. யாரோ ஒரு பிரபு முந்நூறு வருடத்துக்கு முன் தன் செல்வத்தைக் காட்டக் கட்டியது. வம்சம் அற்றுப்போய்த் திருச்சபைக்கு வந்து, சபை அதை நூதனசாலையாக்கியது. இந்த மூன்றாம் மண்டபத்தில்தான் அந்தக் காலத்தில் ஆடுவார்களாம். சுவரெல்லாம் கண்ணாடி, கண்ணாடியெல்லாம் இப்போது கறுப்புப் புள்ளி. கூரையில் சுண்ணச்சாந்தில் செய்த, சிறகு வைத்த குழந்தைச் சம்மனசுகள், பழக்குலையில் தொங்கிக்கொண்டு, திரைச்சீலையை இழுத்துக்கொண்டு, ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு. அவற்றை எண்ணினால் ஒருநாள் அறுபத்தொன்று வரும், ஒருநாள் அறுபத்திரண்டு வரும். வடமேற்கு மூலையில் ஒருத்தனுக்கு முகம் மட்டும், அதுவும் பாதி, முகிலுக்குப் பின்னால். அவனை ஆளாகச் சேர்ப்பதா விடுவதா என்பது நீக்கிலாப்பிள்ளைக்குப் பதினான்கு வருடமாகத் தீரவில்லை. பாதி தெரிகிறவன் இருக்கிறவனா. இருக்கிறான் என்று எழுதினால் மிச்சப் பாதி எங்கே என்று கேட்பார்கள். இல்லை என்று எழுத மனம் வராது, கண் இருக்கிறதே, அது பார்க்கிறதே.

அலுமாரிக்குள் அப்படிச் சந்தேகம் ஒன்றும் இல்லை. கண்கள் முப்பத்தொரு சோடி. கால்கள் நாற்பத்துநான்கு, அதில் இடக்கால் இருபத்தாறு, ஏன் இடக்கால் கூட என்று தெரியாது. கைகள் இருபத்திரண்டு. இருதயம் ஐம்பத்தெட்டு. மார்பகம் ஒன்பது. கப்பல் ஐந்து. துணி சுற்றிய கைக்குழந்தை முப்பத்தேழு. முழு மனிதர் ஆறு. கூட்டினால் இருநூற்றுப் பன்னிரண்டு. முழு மனிதரில் ஏழாவது, ஒன்பது சென்றிமீற்றர் உயரத்தில், கட்டைக் காற்சட்டையோடு கை கூப்பி நிற்கிற பெடியன், அவன்தான் மிச்சம், அவன்தான் மகன் றெஜி. பதினொரு வருடத்துக்கு முன், ஆடி மாதம், திருநாளுக்கு அலுமாரியைத் துடைக்கச் சொன்ன அன்று, அவரே கொக்கி அடித்து அவரே தொங்கவிட்டார். அவனுடைய வெள்ளி அரைஞாண்தான் உருகி அப்படி ஆனது. பிறந்து முப்பத்தோராம் நாள் கட்டியது, பன்னிரண்டு கிராம். போரில் அத்தனை இடப்பெயர்விலும் மனைவி திரேசம்மா அதை விடவில்லை, வீட்டை விட்டாள், ஆட்டை விட்டாள், தையல் மெசினை விட்டாள், அரைஞாணை ஒரு தகரப் பேணிக்குள் போட்டுப் பையின் அடியில் வைத்திருந்தாள். முகாமிலிருந்து வெளியே வந்து, மூன்று வருடம் அலைந்து, கடைசியில் இங்கே அவரிடம் வந்து சேர்ந்தபோது விமான நிலையத்தில் முதலில் அதைத்தான் எடுத்து அவர் கையில் வைத்தாள். சந்தைக்குப் பின்னால் இருந்த வெள்ளிக்காரக் கிழவன் தன்னிடம் உள்ள அச்சுகளைப் பரப்பிக் காட்டினான். கைக்குழந்தை இருந்தது, மீசைக்காரன் இருந்தான். பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அச்சு இல்லை. நீக்கிலாப்பிள்ளை பெடியனைக் காட்டினார். அவர் இத்தாலிக்கு வெளிக்கிட்ட அன்று றெஜிக்குப் பதினொரு வயது, அதற்கு மேல் வளர்ந்த பிள்ளையை அவர் கண்டதில்லை, கேட்டதுதான். ஞாயிறுக்கு ஞாயிறு ரெலிபோன். ஒரு ஞாயிறு பெடியனின் குரல், அடுத்த ஞாயிறு ஓர் ஆம்பிளைக் குரல், இவர் திடுக்கிட்டு ஆர் கதைக்கிறது என்று கேட்டுவிட்டார். மறுபக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. நான்தான் அப்பா. அந்தக் கொஞ்ச நேரம் எத்தனை செக்கன் இருக்கும் என்று அவர் பிறகு பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறார். நான்கு. சில நாள் ஐந்து. உருக்கி வார்த்தபோது பதினொரு கிராம் வந்தது. ஒரு கிராம் நெருப்போடு போய்விடும் என்றான் கிழவன்.

மலையில் குகைக்குள் இருக்கிற, இந்த ஊரைக் காக்கிற புனிதை றொசாலியா அம்மாவிடம் கொண்டுபோய் வையுங்கோ என்றுதான் திரேசம்மா சொன்னாள். இங்குள்ள தமிழ்ச்சனம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறுகிற மலை. ஆனால் அங்கே பெட்டிக்குள் போட்டுவிடுவார்கள், பிறகு காண முடியாது. இங்கேயும் அவளுடைய சுரூபம்தான், அலுமாரிக்கு நேர் எதிரே, ரோசாப்பூ முடியோடு நிற்கிறாள், அவளுக்கும் தெரியும், தனக்கும் தெரியும் என்று அவர் சொன்னபோது திரேசம்மா யோசித்து, அப்ப ஒவ்வொரு நாளும் பாப்பீங்களோ என்று கேட்டாள். பார்ப்பேன் என்றார். அன்றிலிருந்து பின்னேரம் அவர் வீட்டுக் கதவைத் திறக்கும்போது உள்ளேயிருந்து அவள் கேட்கிற முதல் கேள்வி அதுதான். இஞ்சேருங்கோ, பிள்ளையைப் பாத்தனீங்களோ. பாத்தனான். அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி. திங்கட்கிழமை நூதனசாலை பூட்டு, அன்றைக்கு மட்டும் அவள் கேட்கமாட்டாள், அவரும் சொல்லமாட்டார், வீட்டில் ஒரு பொருள் குறைந்த மாதிரி இருக்கும். இன்றைக்கு வியாழன். இன்றைக்குக் கேட்பாள். ஆறு மணிக்கு, கதவடியில், கேட்பாள்.

பிழை எங்கே என்று பார்த்தால் அது அவருடைய பிழைதான். ஊரில் பிள்ளை இல்லாதவர்கள் மடு மாதா கோயில் மரத்தில் சின்னத் தொட்டில் கட்டுவார்கள். கட்டுவது கேட்பதற்கு. கிடைத்தபிறகு செய்வது வேறு. அந்த நினைப்பில்தான் அவர் இங்கேயும் தொங்கவிட்டார், இவ்வளவு கண்ணும் காலும் கேட்டுக்கொண்டு நிற்கின்றன, அவற்றோடு தன் பிள்ளையும் நின்று கேட்கட்டும் என்று. இரண்டு வருடம் கழித்து ஒரு மழைநாள், பார்வையாளர் யாரும் இல்லாத நேரம், தொத்தோதான் விளக்கம் சொன்னார். தொத்தோ சொல்வது சிசிலிப் பாஷை, என்றாலும் இத்தனை வருடப் பழக்கத்தில் நீக்கிலாப்பிள்ளையின் காதில் அது குருநகர்த் தமிழாகத்தான் விழும். கேக்கிறதுக்கு மெழுகுதிரி, நிக்கோலா. கிடைச்ச பிறகுதான் வெள்ளி. முதலே குடுத்தா அவ வரமாட்டா, எங்கட தண்ணிக்குழாய் திருத்திறவன் மாதிரி. சொல்லிவிட்டுத் தன் பகிடிக்குத் தானே சிரித்தார். நீக்கிலாப்பிள்ளையும் சிரித்துவைத்தார். அன்று பின்னேரம் வாசற்பலகையில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தார். பெற்ற வரங்களுக்கு நன்றியாக. அப்போதுதான் உறைத்தது. கால் முறிந்து எழும்பி நடந்தவனின் கால் அது. பார்வை திரும்பியவளின் கண் அது. புயலிலிருந்து கரைக்கு வந்த கப்பல். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் வீட்டுக்கு வந்துவிட்டவர்கள், நன்றி சொல்ல வரிசையில் நிற்கிறார்கள். அதற்கு நடுவில் வராத ஒரு பிள்ளை, வரிசை மாறி.

வரிசை மாறி. இந்த இடத்துக்கு வந்தால் மனம் அங்கே போகாமல் இருக்காது. போர் முடிந்து சனம் இராணுவத்திடம் போன பாலத்தடியில் இரண்டு வரிசையாம். பெண்களும் கிழவரும் குழந்தைகளும் ஒன்று, வாலிபப் பெடியள் மற்றது. திரேசம்மாவின் ஒரு கையில் பை, மறுகையில் றெஜியின் கை. பத்தொன்பது வயதுப் பெடியன், கையைப் பிடிக்கவிடமாட்டான், அன்றைக்கு விட்டானாம். சீருடைக்காரன் ஒருவன் அந்தப் பக்கம் போ என்று காட்டினான். பையின் வார் அறுந்தது, அவள் குனிந்து இரண்டு கையாலும் பையை அள்ளினாள், நிமிர்ந்தபோது அவன் மற்ற வரிசையில். தண்ணிப் போத்தலைக் கேட்டு அங்கிருந்து கைகாட்டினானாம். அவள் எறிந்தாள். பிடித்தான். அதற்குப் பிறகு அந்த வரிசையை ஏற்றிப்போன பஸ். இதை அவள் அவருக்கு இதுவரை ஒன்பது தடவை சொல்லியிருக்கிறாள். ஐந்து தடவை பஸ் நீலம், மூன்று தடவை வெள்ளை, ஒருதடவை நிறம் சொல்லவில்லை. போத்தலைப் பிடித்தான் என்று எட்டுத் தடவை, ஒருதடவை, ஒரே ஒருதடவை, போன மாரிக்காலத்தில் காய்ச்சலோடு படுத்திருந்தபோது, போத்தல் விழுந்திட்டுது என்றாள். அவர் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்தப் பைக்குள்தான் அரைஞாண் இருந்தது. அதையும் அவள் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை, ஆனால் கணக்குத் தெரிந்தவருக்குத் தெரியாமல் போகுமா, எதை அள்ளக் குனிந்தாள் என்று. அந்த வெள்ளியைத்தான் அவர் உருக்கினார். அதனால்தான் காலையில் கை திரும்பி வந்ததோ. கொக்கியிலிருந்து எடுத்தால் இனிக் கேட்கவில்லை என்று ஆகும். விட்டால், கிடைத்துவிட்டது என்று றொசாலியா அம்மா நினைத்துக்கொண்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிவிட்டாளோ, பதினொரு வருடமாக அதனால்தான் ஒரு சேதியும் இல்லையோ. முந்தியே நன்றி சொன்னவனுக்கு அவள் ஏன் மினைக்கெடவேணும். எடுத்தாலும் பிழை, விட்டாலும் பிழை. காற்சட்டைப் பைக்குள் திறப்பு தொடையில் அழுத்தியது. பத்து மணி ஐம்பத்திரண்டு. தொத்தோ இப்போது இரண்டாம் மண்டபத்தில், பூசை உடுப்பு, ஊதா, ஓரம் கிழிந்தது. இன்னும் நேரம் இருக்கிறது. எழும்பினார். அலுமாரி வரை பதினொரு எட்டு. நான்காவது எட்டில் நின்றார். கூரையில் பாதி முகத்துக்காரன் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பிவந்து கதிரையில் இருந்தார்.

அவர்கள் நினைத்ததிலும் முந்தி வந்துவிட்டார்கள். அலெஸ்ஸியா சின்ன மேசையை உருட்டிக்கொண்டு வந்து அலுமாரிக்கு முன் நிறுத்தினாள். முப்பது வயது இருக்கும், கண்ணாடிக்கு மேலால் பார்க்கிற பழக்கம், அவரை அவள் சிஞ்ஞோர் நிக்கோலா என்றுதான் கூப்பிடுவாள். தொத்தோ தன் குரல் போய்விட்டதாகச் சொன்னார், இந்த மண்டபத்தை நிக்கோலாவே வாசிக்கட்டும், நித்திரையில் கேட்டாலும் எத்தனை இருதயம் என்று சொல்லுவார், மனுசி பிறந்தநாள்தான் மறப்பார் என்றார். நீக்கிலாப்பிள்ளை இதை எதிர்பார்க்கவில்லை. திறப்பை எடுத்து அலுமாரியைத் திறந்தார். ஒவ்வொரு வெள்ளியிலும் நூலில் கட்டிய சின்னக் காகிதத்துண்டு, அதில் எண். ஒன்று, கண்கள். தட்டல். இரண்டு, கண்கள். தட்டல். குரல் பாட்டுக் கணக்காக வந்தது, ஊரில் கரையில் மீன் எண்ணும்போது அவருடைய அப்பா எண்ணுகிற இராகம் அது, தனக்குள் அது இன்னும் இருக்கிறதென்று அவருக்கு இன்றுவரை தெரியாது. முதலாம் வரிசை எழுபது. இரண்டாம் வரிசை எழுபது. மூன்றாம் வரிசை, நூற்று நாற்பத்தொன்று, இருதயம். நாற்பத்திரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. நூற்று நாற்பத்தாறு, ஆண், முழங்காலில். அடுத்தது. அடுத்ததற்கு நூலும் இல்லை, துண்டும் இல்லை. வாசிப்பதை நிறுத்தினார்.

அலெஸ்ஸியா எழுந்து கிட்ட வந்து பார்த்தாள். கோபம் இல்லை, சந்தோசம்தான், பழைய பாதிரியார் ஒன்றைத் தவறவிட்டிருக்கிறார் என்றாள், இப்படி ஒவ்வொரு இடத்திலும் நடக்கிறதுதான், கடைசி எண் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். அடிமட்டத்தை வைத்து அளந்தாள். ஒன்பது சென்றிமீற்றர். சரி. இருநூற்றுப் பதின்மூன்று, வெள்ளி, ஆண்பிள்ளை, நின்றபடி. கொடுத்தவர் தெரியாது. ஆண்டு தெரியாது. காரணம், பெற்ற வரத்துக்கு நன்றி. கடைசி வரியை அவள் தட்டக்கூட இல்லை, இந்த அலுமாரிப் பொருள் எல்லாவற்றுக்கும் கணினி தானாகவே அதைப் போட்டுக்கொள்ளும். திரையில் பச்சையாக ஒரு கட்டம், அதை ஒருமுறை அழுத்தினால் முடிந்தது. நீக்கிலாப்பிள்ளை தொத்தோவைப் பார்த்தார். தொத்தோ அவரைப் பார்க்கவில்லை, யன்னலைப் பார்த்துக்கொண்டு, மெல்லச் சொன்னார்:

"எழுதுங்கோ பிள்ளை. சரியாத்தான் இருக்கும். நெடுக அங்கதான் இருக்குது."

அப்போ இவருக்குத் தெரியும். எவ்வளவு காலமாகத் தெரியும். அதை எண்ண நேரமில்லை. இருந்துவிட்டுப் போகட்டும், பதிவேட்டில் ஏறிவிட்டால் றெஜிக்கு ஓர் எண் கிடைக்கும், இனி ஒருவரும் எடுக்க முடியாது, தான் அடுத்த வருடம் ஓய்வுக்குப் போனாலும், தானும் திரேசம்மாவும் செத்துப்போனாலும், நூறு வருடம் இந்த அரண்மனையில் அவன் நிற்பான், கண்ணாடிக்குப் பின்னால், வெயில் படாமல், மழை படாமல். முகாம் பட்டியலில் இல்லாத பெயர், விசாரணைக் கந்தோர்களில் ஆறு இடத்தில் கொடுத்தும் ஒரு கடிதாசியிலும் ஏறாத பெயர், ஒரு கட்டத்தை அழுத்தினால் ஏறிவிடும். பெயரில்லாமல்தான். ஆண்பிள்ளை என்று. வந்துவிட்டான் என்று. வந்துவிட்டான் என்று எழுதிவிடுவார்கள். அலெஸ்ஸியாவின் விரல் கீழே இறங்கியது.

"இல்லை," என்றார் நீக்கிலாப்பிள்ளை. "கிடைக்கேல்லை."

தமிழில் சொல்லிவிட்டார். பிறகு அவர்களுடைய பாஷையில் திருப்பிச் சொன்னார், வரம் பெறப்படவில்லை, இது என்னுடையது, என்னுடைய மகன், தவறான இடத்தில் வைத்துவிட்டேன். இத்தனை சொல்லை அவர் இந்த மண்டபத்தில் ஒரே மூச்சில் சொன்னதில்லை. பிள்ளை காணாமற்போன இந்தப் பதினைந்து வருடத்தில் வீட்டிலும் சொல்லாத சொல் அது. கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறார், பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார், ஆண்டவர் இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார். கிடைக்கேல்லை என்று சொன்னதில்லை. அலெஸ்ஸியா விரலை எடுத்துக்கொண்டாள். அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள், வெள்ளியைப் பார்த்தாள், பிறகு கேட்கப்பட்ட வரம் என்று போட ஓர் இடம் இருக்கிறதா என்று திரையில் தேடினாள். இல்லை. தேடிய பாவனையிலேயே, தன் குரலைத் தாழ்த்தி, இன்னும் எதிர்பார்க்கிறீர்களா என்று கேட்டாள். அவர் கையை உள்ளே விட்டார். காலையில் திரும்பி வந்த அதே கை. கொக்கியிலிருந்து இலேசாகக் கழன்றது. பதினொரு கிராம், கையில் வைத்தால் வைத்ததே தெரியாது. அது இருந்த இடத்தில், வெல்வெட்டுத் துணியில், ஒரு பெடியன் நின்றான். சுற்றிவர உள்ள துணி பதினொரு வருட வெளிச்சத்தில் சாம்பல் பூத்துப்போயிருந்தது. அவன் நின்ற இடம் மட்டும் புதுத்துணி மாதிரி, கடுஞ்சிவப்பாக, கட்டைக் காற்சட்டை, கூப்பிய கை, ஒரு பக்கம் சற்றுச் சரிந்த தலை. மூவரும் அதைப் பார்த்தார்கள். தொத்தோ கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைக்கத் தொடங்கினார், துடைத்து முடிக்கவில்லை.

மிச்சத்தையும் நீக்கிலாப்பிள்ளைதான் வாசித்தார். நூற்று நாற்பத்தேழு, கால், இடது. ஐம்பது. எண்பது. இருநூற்றுப் பன்னிரண்டு, கப்பல். பதிவேடும் அலுமாரியும் ஒன்றாகிவிட்டன. அலெஸ்ஸியா அவர் தோளில் கையை வைத்து எடுத்துவிட்டு மேசையை நான்காம் மண்டபத்துக்கு உருட்டிக்கொண்டு போனாள். தொத்தோ போகும்போது திறப்பை வாங்கிக்கொண்டார், பகிடி ஒன்றும் விடவில்லை. நீக்கிலாப்பிள்ளை அலுமாரியிலிருந்து கதிரைக்குப் பதினொரு எட்டு நடந்துவந்து இருந்தார். ஒரு தாயும் மகளும் வந்தார்கள், வெளிநாட்டுக்காரர், மகள் ஏழாவது இடத்துச் சிவப்பைக் காட்டி ஏதோ கேட்டாள், தாய்க்கும் தெரியவில்லை, போய்விட்டார்கள். பதினொன்று நாற்பது. ஆறு மணிக்கு இன்னும் ஆறு மணித்தியாலமும் இருபது நிமிடமும். கதவைத் திறக்க, உள்ளேயிருந்து கேட்பாள், பிள்ளையைப் பாத்தனீங்களோ. பாத்தனான் என்று இனிச் சொல்ல ஏலாது. வேறென்ன சொல்வது. கூட்டிக்கொண்டு வந்திட்டன். வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். கூட்டிக்கொண்டு வந்திட்டன் திரேசம்மா. சொன்னால் அவள் கதவடியிலேயே இருந்துவிடுவாளா, கையை நீட்டுவாளா, இல்லை, எல்லாம் தெரிந்தவள் மாதிரித் தேத்தண்ணி போடப் போய்விடுவாளா. தெரியவில்லை. வெள்ளி சட்டையின் இடப்பக்கப் பைக்குள், பனியனையும் தாண்டி, நெஞ்சில் ஐஸ் மாதிரிக் கிடந்தது. அவர் உள்ளங்கையை அதன்மேல் பொத்தினார். குளிரக் குளிர அவளிடம் கொடுக்கக் கூடாது. ஆறு மணி மட்டும் இப்படியே வைத்திருந்தால் சூடேறிவிடும்.